முப்பத்திரண்டு வேண்டாம், இருபத்தெட்டு போதும்

நார்த்தாமலை அடிவாரத்து மேட்டில் பாதி தூரம் வந்ததும் ரகுநாத் வழக்கம்போல் இறங்கிவிட்டான். இறங்கினான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். கியர் சைக்கிள் நின்றுவிட்டது, அவன் சாய்ந்துவிட்டான். புல்லுக்கட்டோடு எதிரே வந்த அம்மாள், "பஞ்சராங்க தம்பி?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தான். பன்னிரண்டு நாளில் இது பன்னிரண்டாவது பஞ்சர்.

எல்லாவற்றுக்கும் காரணம் தொப்பை. கீரமங்கலத்தில் பெண் பார்ப்பதற்காகத் தரகர் திருப்பதி முன்கூட்டியே கொடுத்திருந்தது மார்பளவுப் போட்டோ. அதற்குக் கீழே இருந்ததை ரகுநாத்தே நேரில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெண் மோகனப்ரியா பள்ளிக்கூட டீச்சர். அவன் தண்ணீர் மோட்டார் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்ததும், "எங்க வீட்டு மோட்டார் ஏங்க அடிக்கடி காயில் போகுது?" என்று கேட்டாள். கால் மணி நேரம் விளக்கினான். முப்பத்து நாலு வருஷத்தில் அவன் மோட்டார் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்ட முதல் ஆள் அவள்தான். இனி வேறு பெண்ணே வேண்டாம் என்று அன்றைக்கே மனசு சொல்லிவிட்டது.

அவர்களோ, "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். தொப்பையைத்தான் யோசிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, மறுநாளே சைக்கிள் வாங்கிவிட்டான் ரகுநாத்.

சைக்கிளை ஒருவழியாகத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்கு வந்தவன், புதுக்கோட்டை சைக்கிள் கடை ஆனந்தராஜுக்குப் போன் போட்டான். மோட்டார் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை அவனுக்கு. மெதுவாகப் பேச வராது.

"அண்ணே, முப்பத்திரண்டு பல்லு நமக்கு ஒத்து வரலண்ணே. உசுரு போகுது."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் ஆனந்தராஜ். "மிதி பக்கத்துச் சக்கரத்துல பல்லு கொறையக் கொறைய மேடு ஏற லேசா இருக்கும். இருபத்தெட்டு போடுவோம். இருபத்தாறுன்னா இன்னும் லேசு, ஆனா சமதரையில காலு சும்மா சுத்தும்."

"இருபத்தெட்டே போதும்ணே. முப்பத்திரண்டையும் மொத்தமாக் கழட்டிருங்க."

"இரும்பா, அலுமினியமா?"

"இரும்பே போடுங்க. நல்லாக் கடிச்சுப் புடிக்கணும்ல? கறுப்புக் கலரா இருந்தா பாக்க அம்சமா இருக்கும். சனிக்கெழமைக்குள்ள வேணும்ணே. பொண்ணு வீட்டுக்கு மட்டும் இது தெரியவே கூடாது."

அடுத்த பெஞ்சில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த பெரியவர் ஒருவர், வடையைக் கடித்தபடியே அவனைப் பார்த்தார். ரகுநாத் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தான். அவர் அவன் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, மீதி வடையை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் தரகர் திருப்பதி போனில் கூப்பிட்டார். குரலில் ஒரு துக்க வீட்டுத் தோரணை இருந்தது.

"தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"என்னங்க?"

"பொண்ணோட தாய்மாமன் நாகராசு ஒங்களப் பத்தி விசாரிக்க ஒங்க ஊரு டீக்கடைக்கு வந்திருக்காரு. நீங்க முப்பத்திரண்டு பல்லையும் கழட்டிட்டு இரும்புல கட்டப் போறீங்களாமே? அதுவும் கறுப்புக் கலர்ல!"

ரகுநாத் போனிலேயே கத்தினான். "ஐயோ, அது சைக்கிள் பல்லுங்க!"

"தம்பி, நான் இருபது வருசமாத் தரகு பாக்குறேன். வழுக்கைக்கு சமாளிச்சிருக்கேன், வயசுக்கு சமாளிச்சிருக்கேன். சைக்கிளுக்குப் பல்லுன்னு சொன்னா எவன் நம்புவான்? கொஞ்சம் அளவாப் பேசுங்க."

"அவங்க என்னதான் சொல்றாங்க?"

"உண்மைதானான்னு திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. 'அத்தனையும் சொந்தப் பல்லு, நான் பொறுப்பு'ன்னு அடிச்சுச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சு மூச்சே காணோம்."

அன்றிரவு ரகுநாத்துக்குச் சோறு இறங்கவில்லை. தொப்பைக்காகப் போயிருந்தால்கூட நியாயம் இருக்கிறது. இல்லாத பொய்ப்பல்லால் அவள் கைவிட்டுப் போவதை எப்படித் தாங்குவது? அம்மா ராஜலட்சுமிதான் ஒரு யோசனை சொன்னாள்.

"பல்லு தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. பாத்துட்டுப் போகட்டும்."

சுவரோரம் நிற்கவைத்து அவளே போனில் எடுத்தாள். "இன்னும் இளிடா. கடவாப்பல்லு தெரியல." ஐந்தாவது படத்தில் முப்பத்திரண்டும் வரிசையாக விழுந்தன. அது தரகர் வழியாகக் கீரமங்கலத்துக்குப் போனது.

அரை மணி நேரத்தில் திருப்பதி கூப்பிட்டார். "கெட்டுச்சு போங்க தம்பி. 'இம்புட்டு வரிசையா யாருக்குச் சொந்தப் பல்லு இருக்கு? கட்டுனதேதான்'னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம நேர்ல பாக்க வாராங்க."

சனிக்கிழமை ஆனந்தராஜ் சொன்னபடி புதுச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். ரகுநாத் ஒப்புக்குத்தான் மேட்டுக்குப் போனான். மிதித்தான். கால் சுழன்றது, சைக்கிள் நகர்ந்தது, பாதி மேடு வந்தது, அதுவும் போனது. உச்சியில் போய் நின்றபோது, ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் கூவியிருப்பான். இப்போதோ யாரிடம் சொல்வது என்றுதான் தோன்றியது. சொல்ல ஆசைப்பட்ட ஆள் கீரமங்கலத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகராசுவும், பெண்ணின் சித்தி திலகவதியும் வந்தார்கள். வந்ததிலிருந்து இருவர் கண்ணும் ரகுநாத்தின் வாயைவிட்டு நகரவில்லை. ராஜலட்சுமி முன்னேற்பாடாக முறுக்கு, கடலை உருண்டை, சீடை என்று வீட்டில் கெட்டியாக இருந்ததையெல்லாம் பரப்பியிருந்தாள். வந்தவர்கள் தொடவில்லை. ரகுநாத் ஒருவனே உட்கார்ந்து அத்தனையையும் கடகடவென்று நொறுக்கினான். ஒவ்வொரு கடிக்கும் நாகராசுவின் முகம் ஒரு சுற்று வாடியது.

இன்னும் நம்பவில்லையே என்று பதறிப்போய், உள்ளே ஓடிக் கழற்றிய பழைய சக்கரத்தை எடுத்துவந்தான். "பாருங்க மாமா, நான் போன்ல சொன்ன பல்லு இதுதான். மேடு ஏற முடியல, அதான் சின்னதா மாத்தினேன்."

நாகராசு அதை வாங்கி, விரல்விட்டு எண்ணினார். முப்பத்திரண்டு இருந்தது.

"அப்ப வாயில இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள் திலகவதி.

"எல்லாம் சொந்தம்ங்க. ஒண்ணுகூடக் கட்டுனது இல்ல."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்படிங்களா. சரி, நாங்க கெளம்புறோம். கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புறோம்."

அந்தக் குரல் ரகுநாத்துக்குப் புரிந்தது. கையைவிட்டுப் போய்விட்டது. மோட்டார் காயிலைப் பற்றி இனி ஆயுசுக்கும் ஒருத்தர் கேட்கப்போவதில்லை. வெற்றிலைத் தட்டில் இருந்த கொட்டைப்பாக்கு ஒன்றை எடுத்தான்.

"மாமா, ஒரு நிமிசம் நில்லுங்க. இத மட்டும் பாத்துட்டுப் போங்க!"

எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக முன்பல்லில் வைத்து ஒரே கடி.

கடக் என்று சத்தம் கேட்டது. பாக்கு முழுசாகத் தட்டில் விழுந்தது. கூடவே வெள்ளையாக ஒரு துண்டும் விழுந்தது.

"அடப்பாவி!" என்று தலையில் கைவைத்தாள் ராஜலட்சுமி. ரகுநாத் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். வலியைவிட வெட்கம் பிடுங்கித் தின்றது. "போச்சு, முன்பல்லு போச்சும்மா" என்று அவன் சொன்னது பாதிக் காற்றாக வந்தது. "இனிமே இதக் கட்டத்தான் வேணும்."

வாசலுக்குப் போய்விட்ட நாகராசு திரும்பி வந்தார். தட்டில் கிடந்த பல் துண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முறுக்கை எடுத்தார். ராஜலட்சுமி ஒன்றும் விளங்காமல் விழித்தாள்.

திலகவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"நிச்சயத்துக்கு நாள் பாருங்க மதினி, பல்லு கட்டுன மாப்பிள்ளைன்னாத்தான் கட்டிக்குவேன்னு எங்க பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிது, அதுக்கும் முன்பல்லு ரெண்டு கட்டுனதுதான்!"