காசில் இருக்கும் மனிதர்

நம் ரோமாபுரியில் எந்தச் சந்தில் திரும்பினாலும் இவர் அகப்படுவார். இவர் இல்லாமல் எந்த விழாவும் நடந்ததில்லை. வெற்றி ஊர்வலமோ, தேர்ப்பந்தயமோ, நீங்கள் வாயைத் திறந்தால் போதும், "அன்னிக்கு நான் எங்க நின்னேன் தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வார். தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

சுபூராப் பேட்டையில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் கல்வீனஸ் இந்த இனத்துக்கே திலகம். "இன்று உயிரோடிருப்பவர் எவரும் இதைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதுமில்லை" என்று கட்டியக்காரர்கள் தொண்டை கிழியக் கூவினார்களே, அந்த நூற்றாண்டு விழாவில், தீட்டுக் கழிய வீடுகளுக்குப் புகைபோடக் கந்தகமும் தீவட்டியும் பேரரசர் தம் கையாலேயே வழங்கினார். ஊரே முண்டியடித்து வாங்கியது. பிறகு விழாவின் ஞாபகமாகக் காசு அடித்தார்கள். மேடைமேல் பேரரசர், கீழே கைநீட்டி நிற்கும் ஒரு குடிமகன். அந்தக் குடிமகன் யார்? வேறு யார், கல்வீனஸ்தான்!

"மூக்கைப் பாரு. தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்குல்ல? ஜாடி சுமந்த தோளுய்யா."

மூக்கு என்று அவர் காட்டுமிடத்தில் ஒரு மரு அளவுக்குக்கூட மேடில்லை. தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தால் எந்த மூக்குதான் தாங்கும்?

இந்த மனிதருக்கு, பாவம், ஒரே ஓர் ஆசை. முனைக்கடையில் மது விற்கும் விதவை ஃபபுல்லாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். "செத்துப்போன மனுஷனோட மூத்த தாரத்துப் புள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினதே போதும். இன்னொருத்தி பெத்ததை இனிமே என் தலையில கட்டக்கூடாது." தனக்குக் கல்யாணமே ஆனதில்லை, பிள்ளையும் கிடையாது என்று ஹெர்குலிஸ் மேல் ஆணையிட்டார் கல்வீனஸ். உண்மையும் அதுதான்.

நேற்று மத்தியானம் அவள் சம்மதம் சொன்னாள். சூடான கொண்டைக்கடலைக் கிண்ணத்தை அவர் முன் வைத்து, சிரிக்கவும் சிரித்தாள். மனிதர் சும்மா இருந்திருக்கலாம். பூரிப்புத் தாங்காமல், யார் கையிலும் கொடுக்காத அந்தக் காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஃபபுல்லா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீங்க. சரி. பக்கத்துல ஒரு சின்னப் புள்ளை நிக்குதே, அது யாரு?"

கல்வீனஸ் குனிந்து பார்த்தார். ஆமாம், நின்றது. இத்தனை காலமும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

"இது நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே," என்று பக்கத்து மேசையிலிருந்து ரொட்டிக்காரர் ஓப்பியஸ் அடியெடுத்துக் கொடுத்தார். "கல்யாணச் சாப்பாட்டுக்கு ரொட்டி நான் போடறேன்."

கல்வீனஸ் நிமிர்ந்தார். ஃபபுல்லாவைப் பார்த்தார். அவள்மேல் அவருக்கு உயிர். காசைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என் பையன்தான்."

"அப்போ அவனையே சமைச்சுப் போடச் சொல்லுங்க," என்று சொல்லி ஃபபுல்லா கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பையிலும் அந்தக் காசு ஒன்று கிடக்கும், எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு நீங்களும் வரிசையில் நின்றவர்தானே? அந்த நெற்றி கொஞ்சம் உங்கள் சாயலில் இல்லை? இருக்கிறதா? அப்படியானால், வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.