ரெட்டை ஜடை ஒழிப்புத் திட்டம்

மனிதகுலத்தின் முதல் எதிரி யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ரெட்டை ஜடை. ஒற்றை ஜடையைக்கூட மன்னித்துவிடலாம். ரெட்டை என்பது ஆண்களுக்கு எதிராக யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த வேலை.

என் நிலைமையைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் மனைவி பெர்சிஸ் நர்ஸ். காலை ஷிஃப்ட். வெளிச்சம் வருவதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நான் சத்தியநாதன், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். எங்கள் வீடு இருக்கிற சத்துவாச்சாரியில் கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து நிற்கும், ஒரே ஒரு ஹாரன் அடிக்கும், போய்விடும். அவள் கிளம்புவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது எங்கள் மகள் ஜெனிஃபாவின் தலை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் தலையில் இருப்பது காலேஜ் முடி. அதை இரண்டாக வகிடெடுத்து, பின்னி, ரப்பர் பேண்டு போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்துச் சட்டம் அது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி நான்.

நான் போடும் ஜடையில் ஒன்று சென்னையைப் பார்க்கும், இன்னொன்று பெங்களூரைப் பார்க்கும். "டாடி, கோணலா இருக்கு" என்பாள் ஜெனிஃபா. அவிழ்த்து மறுபடி போடுவேன். அதற்குள் ஹைவேயில் ஹாரன் கேட்கும். அப்புறம் கவர்ன்மென்ட் பஸ்ஸில் யாருடைய டிபன் பாக்ஸோ முதுகில் இடிக்க ஆம்பூர் வரைக்கும் நின்றுகொண்டே போவேன்.

ஒருநாள் மேனேஜர் கோபி சார் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா சத்தியநாதன், தினம் லேட்டு?"

"முடி பிரச்சினை சார்."

அவர் என் தலையைப் பார்த்தார். அங்கே பிரச்சினை பண்ணுவதற்கு முடி எதுவும் மிச்சமில்லை. "இன்னும் ஒரு வாட்டி லேட்டா வந்தீங்கன்னா பஸ்ஸு லிஸ்ட்ல உங்க பேரை எடுத்துடுவேன்" என்றார்.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு உண்டு. அதில் உட்கார்ந்து பாதி வழியில் இருக்கிற பள்ளிகொண்டா வரைக்கும் தூங்குவதுதான் என் வாழ்க்கையில் எனக்கென்று இருக்கிற ஒரே சுகம். அதுவும் பறிபோகப் போகிறது. அன்றே முடிவெடுத்தேன். ஜெனிஃபாவுக்கு பாப் கட். ஜடை ஒழிக!

ராத்திரி சாப்பாட்டில் பேச்செடுத்தேன்.

"பெர்சிஸ், பாப் வெட்டிடலாமே? குழந்தைக்கு ஃப்ரீயா இருக்கும்."

"குழந்தைக்கா, உங்களுக்கா?"

"குடும்பத்துக்கே ஃப்ரீயா இருக்கும்."

"அவளுக்கு இடுப்பு வரைக்கும் வளரணும். நான் முடிவு பண்ணிட்டேன். ரசம் ஊத்தட்டுமா?"

ரசத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேராக மோதினால் ஆகாது என்று புரிந்தது. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். வழியைக் காட்டியது செல்போன். அதில் ஒரு அம்மணி, 'முடியை நீளமாக வளர்ப்பவர்களே, ரப்பர் பேண்டு உங்கள் முடியை உடைக்கிறது' என்று விரலை ஆட்டி எச்சரித்தாள். என் தெய்வமே என்று கும்பிட்டேன்.

மறுநாள் ஜெனிஃபா தலையிலிருந்து கழற்றிய ரப்பர் பேண்டை, அதில் சிக்கிய முடியோடு, வெள்ளைத் தாளில் வைத்து டைனிங் டேபிளில் சமர்ப்பித்தேன்.

"ஐயோ, பூரான்!" என்று இரண்டடி பின்னால் போனாள் பெர்சிஸ்.

"பூரான் இல்ல. ஆதாரம். ரப்பர் பேண்டு போட்டா முடி உடையுது. நம்ம பொண்ணு தலை மொட்டையாகப் போவுது. நீ இடுப்பு வரைக்கும்னு கனவு காணற."

அவள் தாளை எடுத்து டியூப்லைட் அடியில் பிடித்தாள். நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பவள் அல்லவா, முடியை மட்டும் விடுவாளா?

"இதுல பாதி உடைஞ்சதே இல்ல, உதிர்ந்தது. நுனியில வெள்ளையா குட்டிக் குண்டு தெரியுது பாருங்க, அது வேரு. வேரோட வந்தா உதிர்ந்த முடி. எல்லாருக்கும் தினம் உதிரும். உங்களுக்கு உதிர்ந்து முடிஞ்சிருச்சு."

"மீதி பாதி?"

"அது உடைஞ்சதுதான்."

"பாத்தியா!"

"ஏன் உடைஞ்சதுன்னா, இது முடிக்குப் போடற பேண்டே இல்ல. உங்க கம்பெனியில ஷூ டப்பா மேல மாட்டறது. துணி சுத்தினது டஜன் கணக்கா வாங்கி வெச்சேனே, அதெல்லாம் எங்க?"

ஒன்று மிக்சர் பாக்கெட்டில் இருந்தது. ஒன்று டிவி ரிமோட்டின் மூடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. மற்றவை எங்கே என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"துணி சுத்தினதைத் தளர்வா கட்டி, மெதுவா கழட்டினா ஒண்ணும் ஆவாது" என்றாள். "ஈரத்தலையில வெறும் ரப்பரை இறுக்கி, அப்புறம் கோழி ரெக்கை பிய்க்கிற மாதிரி பிய்ச்சா உடையாம இன்னா செய்யும்?"

"நான் குவாலிட்டி ஆளு. டெஸ்ட் பண்ணாம எதையும் ஒத்துக்க மாட்டேன்."

"பண்ணுங்க. எந்த ரப்பர் பேண்டா இருந்தாலும் உடைக்கும்னு காட்டிட்டீங்கன்னா, அன்னையிலருந்து அவ தலையில ரப்பர் பேண்டே ஏறாது. போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா, சத்தியநாதன்."

ரப்பர் பேண்டு இல்லையென்றால் ஜடை ஏது? எனக்கு ஜன்னல் சீட்டு கண்ணில் தெரிந்தது.

டெஸ்டுக்கு முடி வேண்டும். மகள் தலையில் கை வைக்க முடியாது. என் தலையில் கை வைத்தால் வழுக்கும். சனிக்கிழமை லாங் பஜாரில் ஒரு கடையில் போய் சவுரி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கா? சாருக்கு சவுரி பத்தாது. விக்குதான்."

"எனக்கில்லீங்க. டெஸ்ட்டுக்கு."

"டேஸ்ட்டுக்கா? அவங்கவங்க டேஸ்ட்டு, எனக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸ் எடுக்க என் பையில் கை விட்ட பெர்சிஸ், முழ நீள முடியை வெளியே இழுத்தாள்.

"யாருதுங்க இது?"

"லேபுக்கு!"

"லேபுக்கா, லேடிக்கா?"

மூச்சு வாங்க விளக்கினேன். அவள் சவுரியைத் தடவிப் பார்த்தாள். ஒரு மாதிரி சிரித்தாள். பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

எங்கள் கம்பெனி லேபில் உமர் ஃபாரூக் இருக்கிறார். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள், உயிர்த் தோஸ்த். ஷூவுக்கான தோலை மாட்டிவிட்டால் அது கிழியும் வரை மடக்கி மடக்கி ஆட்டும் மெஷின் ஒன்று அவரிடம் உண்டு. அதில் சவுரியை மாட்டி, நடுவில் ரப்பர் பேண்டு போட்டு, ஓட விட்டோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தோம்.

"உடைஞ்சிருக்கா?" என்றேன் ஆவலாக.

"உடைஞ்சிருக்குபா."

"அப்பாடா!"

"ரப்பர் பேண்டு உடைஞ்சிருக்கு. முடி அப்படியே கீது."

துணி சுற்றிய பேண்டு போட்டோம். முடி உடையவில்லை. டப்பா ரப்பரை இரட்டையாகப் போட்டோம். உடையவில்லை. மெஷின்தான் முனக ஆரம்பித்தது. உமர் சந்தேகத்தோடு ஒரு முடியை உருவி, தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார். அது மெழுகு மாதிரி உருகிச் சொட்டியது.

"நைலான்! சத்தியா, நைலானைக் கொணாந்து முடின்னு குடுக்கறியே, நீ இன்னா குவாலிட்டிபா?"

பெர்சிஸ் சிரித்த சிரிப்புக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

"பாய், ஒரு உதவி" என்றேன். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. லேப்ல பாத்தோம், உடையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"பொய் இல்ல. உண்மையைக் கொஞ்சம் கம்மியா சொல்லு. வெறும் ரப்பர் உடைக்கும்னு அவளே ஒத்துக்கிட்டா. நீ அந்த 'வெறும்'கிற வார்த்தையை மட்டும் விட்டுடு."

"பேஜாருபா உன்னோட" என்றார். ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி என்றதும் பேஜார் குறைந்தது.

ஞாயிறன்று நாங்கள் சர்ச்சிலிருந்து வந்ததும் உமர் வந்தார். பெட்டியைத் திறந்து முதல் பேடாவை வாயில் போட்டார். பெர்சிஸ் டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் பாய், முடியில பிரேக் எப்படி இருக்குது?"

இங்கேதான் வந்தது வினை. அவள் கேட்டது முடி உடைவதைப் பற்றி, ஆனால் எங்கள் தொழிலில் பிரேக் என்றால் உடைவது இல்லை. தோலை, வழவழப்பான மேல்பக்கம் உள்ளே போகும்படி மடித்தால் விழுகிற சுருக்கத்துக்குப் பிரேக் என்று பெயர். சுருக்கம் பொடியாக விழுந்தால் அது உசத்தித் தோல். உமர் அந்த வார்த்தையைக் கேட்டதும் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜெனிஃபாவின் ஜடையைப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் மடித்துப் பார்த்தார்.

"ஃபைன் பிரேக், சிஸ்டர்! இந்த மாதிரி பிரேக் வந்துச்சுன்னா பார்ட்டி கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடுவான். எக்ஸ்போர்ட்!"

நான் டேபிளுக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஆங்! ஆனா, ரப்பர் பேண்டு போட்டா உடைஞ்சிரும் சிஸ்டர். ஜாஸ்தி உடையும். லேப்ல பாத்தோம்."

"அப்படியா பாய்? நீங்க சொன்னா சரிதான்" என்றாள் பெர்சிஸ். உடனே எழுந்து போய் வீட்டிலிருந்த ரப்பர் பேண்டு அத்தனையும் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். ரிமோட்டில் இருந்ததைக்கூட விடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் கத்திரிக்கோலை எடுத்து வந்தேன்.

"இன்னாத்துக்கு இது?"

"பாப் வெட்ட. சத்தியம் பண்ணியே?"

"ரப்பர் பேண்டு ஏறாதுன்னுதான் சத்தியம் பண்ணேன். முடி இருக்காதுன்னா பண்ணேன்?"

"ரப்பர் பேண்டு இல்லாம ஜடை எப்படி நிக்கும்? அவிழ்ந்துடும்!"

"ஆமா மம்மி, அவிழ்ந்துடும்" என்றாள் ஜெனிஃபா. என் ரத்தம் அல்லவா.

பெர்சிஸ் உமர் பக்கம் திரும்பினாள். இன்னொரு பேடாவை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"ஏன் பாய், தோல்ல கூடத்தான் பின்றாங்க. அதுக்கு ரப்பர் பேண்டா போடறாங்க? அது எப்படி நிக்குது?"

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் உமரை நிறுத்த முடியாது.

"அது நாலு பிரிப் பின்னல், சிஸ்டர். நாலாவது பிரியா ஒரு நாடாவைச் சேத்துப் பின்னி, முனையில அதாலயே ஒரு முடிச்சு. யானை இழுத்தாலும் வராது. ரிப்பனை வெச்சே பண்ணலாமே! என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. சேந்த புதுசுல பெல்ட்டு செக்‌ஷன்ல இவருதானே மாஸ்டர்! இவரு பின்னின பின்னலு ஜெர்மனி வரைக்கும் போச்சு."

மறுபடி அவர் காலை மிதித்தேன், ரொம்ப லேட்டு. நான் பெல்ட்டு பின்னியவன் என்பதை வீட்டில் மூச்சுவிட்டதில்லை. விட்டிருந்தால் கோணல் ஜடை போட்டுத் தப்பிக்க முடியுமா?

"ஜெர்மனி வரைக்கும் போச்சா?" என்றாள் பெர்சிஸ். "சத்துவாச்சாரிக்கு வரலியே!"

"பெர்சிஸ், அது தோலு, இது முடி. என்னால முடியாது."

"முடியேது உங்களுக்கு? அவளுக்குத்தானே இருக்கு. பின்னுங்க."

உமர் மீதிப் பேடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை இருட்டோடு எழுப்பப்பட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரில் ஒரு முக்காலி. அதில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் பெர்சிஸ்.

"ஜெனிஃபா எங்க?"

"அவ அப்புறம். எனக்கு டியூட்டிக்கு நேரமாவுது. எந்த ரப்பர் பேண்டா இருந்தாலும் உடைக்கும்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? எனக்கும் இருக்கிறது முடிதாங்க."

ரிப்பனை வாங்கிக்கொண்டேன். பாழாய்ப்போன விரல்கள், பழசை மறக்கவில்லை. நாலு பிரியும் சரசரவென்று தானாகவே ஏறி இறங்கின. பாதி முதுகு வந்தபோது மனம் கேட்கவில்லை.

"அந்த உமர் மட்டும் வாயைத் திறக்கலேன்னா உனக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

கைக்கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும். இடுப்புல கட்டியிருந்த பெல்ட்டு அழகா இருந்துச்சு. யாரு பின்னினதுன்னு உங்க அக்காவைக் கேட்டேன். தம்பிதான்னாங்க."

என் கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க, பின்னுங்க. அதை நம்பித்தானே பொண்ணுக்கு முடியே வளர்த்தேன்!"