நானூற்றுப் பன்னிரண்டு வர்ணனைகள்

"இத எத்தனை நிமிஷம் ஊற வைக்கணும்?" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார்.

புலவர் பேனாவை எடுத்துக்கொண்டார். "எதை சார்?"

"உங்க கம்பெனியில வாங்கினதத்தான். 'முதல் கோப்பை'ன்னு போட்டிருக்கு. மேல ஆவி பறக்கற கோப்பை படம். சுடுதண்ணியில போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு. தாள் தாளா பிரியுதே தவிர சாயம் இறங்கல."

'முதல் கோப்பை' என்பது கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் வழிகாட்டி நூல். நானூறு பக்கம்.

"சார், அது புத்தகம்."

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. உங்க வர்ணனையப் படிச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்."

"உள்ள எழுத்து இருந்திருக்குமே சார்."

"இருந்துச்சு. செய்முறைன்னு நெனச்சேன்."

"நானூறு பக்கத்துக்கா?"

"அதனாலதான் போன் பண்றேன்" என்றார் அவர்.

புலவர் என்பது அவருடைய பெயர் இல்லை. அலுவலகத்தில் வைத்த பட்டம். இணையத்தில் பலசரக்கும் விற்கும் நிறுவனம் அது. நிரல் வழிகாட்டி, சத்துத் தின்பண்டம், குதிகால் கல், கழுத்துத் தலையணை என்று நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி வர்ணனை எழுதுவது புலவரின் வேலை. பொருளின் பெயரைத் தயாரிப்பவரே வைத்துவிடுகிறார், படத்தையும் அவரே கொடுத்துவிடுகிறார். இது இன்ன பொருள் என்று வெளிப்படையாக எழுதுவதற்கு ஓர் ஆள் எதற்கு என்பது புலவரின் கொள்கை. சீப்புக்கு அவர் எழுதிய வர்ணனை, 'காடு வழிவிடும்' என்று தொடங்கும். எழுதி முடித்த அன்று அதை அவரே மூன்று முறை வாய்விட்டுப் படித்தார்.

மேலாளர் அம்மா வர்ணனைகளைப் படிப்பதில்லை. நான்கு வரி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதோடு சரி.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குப் புலவரின் ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால், நாற்பத்தொரு வயதில் நான்காவது முறையாக வேலை தேட வேண்டும். காலையில் செருப்பு மாட்டும்போதே மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதையும் தொடாம உக்காந்துட்டு வாங்க."

ஆனால் அவர் தொட்டுவிட்டார். தொட்டது என்ன என்று இப்போதுதான் உறைத்தது.

பொருள்களின் பெயர்ப் பட்டியல் தனி, வர்ணனைப் பட்டியல் தனி. இரண்டையும் வரிசைப்படி கணினி ஜோடி சேர்த்துக் கடையில் காட்டும். ஒரு பொருள் விற்பனையிலிருந்து போனால் இரண்டு பட்டியலிலும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். காலையில் மின்சார முதுகு சொறிவான் போயிற்று. புலவர் அதன் வர்ணனையை எடுத்தார். பெயரை எடுப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. தேநீரோடு பிஸ்கட்டும் வந்ததால் பெயர் சுத்தமாக மறந்துபோயிற்று.

கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நினைத்தது சரிதான். சொறிவானுக்குக் கீழே இருந்த எல்லாப் பொருளுக்கும் அடுத்த பொருளின் வர்ணனை ஏறி உட்கார்ந்திருந்தது. நிரல் வழிகாட்டிக்குக் கீழே தின்பண்டத்தின் வர்ணனை: 'ஒரு கை அள்ளினால் ஒரு நாள் தாங்கும்.' பாவம், பல் இல்லாத மனிதராக இருக்கும், அதனால் ஊற வைத்திருக்கிறார் என்று புலவர் முடிவுக்கு வந்தார்.

கூடத்தின் மறுகோடியில் பார்சல் கட்டும் அக்கா கையை உயர்த்தினாள். வாடிக்கையாளர் தொலைபேசி அவள் மேசையில்தான் இருந்தது. ஒட்டும் நாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டே பேசுவாள், பொருளைப் பற்றிய கேள்வி என்றால் புலவருக்குத் திருப்பிவிடுவாள்.

"தம்பி, உங்களுக்குத்தான். கன்னம் எரியுதாம்."

இந்த முறை ஒரு பெண் குரல். "உங்க 'பூம்பாதை' கல்ல முகத்துல தேச்சேன். ரெண்டு பக்கமும் தோல் வழண்டுபோச்சு."

"அம்மா, அது குதிகாலுக்கு."

"அப்படி எங்கயாவது எழுதியிருந்தீங்களா?"

பட்டியலில் குதிகால் கல்லுக்கு அடுத்தது முகப்பூச்சு. புலவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாலு தரம் மன்னிப்புக் கேட்டு, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி வைத்தார்.

முதுகு சொறிவானின் பெயரை எடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு எளிய வழி கண்ணில் படாது. புலவர் வர்ணனைப் பட்டியலில் ஒரு வெற்று வரியைச் சேர்க்கப் பொத்தானை அழுத்தினார். கணினி அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கணினி நிதானமாக இரண்டு வரியையும் சேர்த்துக்கொண்டது. இப்போது எல்லாப் பொருளுக்கும் முந்தைய பொருளின் வர்ணனை.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா மறுபடி கையை உயர்த்தியபோதுதான் கவனித்தார்.

"சார், 'முப்பது நாள் மூளை' வாங்கினேன்" என்றது ஒரு தகப்பனின் குரல். "பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கணும்னு சொல்லிச்சு. பிரிச்சுப் பாத்தா பாடத்தையே காணோம். வேர்க்கடலையும் பூசணி விதையும்தான் இருக்கு."

"அது தின்பண்டம் சார். சத்தானது."

"அது எனக்குத் தெரியல சார். தினம் ஒரு பாக்கெட் குடுத்துட்டிருக்கேன். இன்னும் ஒன்னும் ஏறல."

தின்பண்டத்தின் கீழே நிரல் வழிகாட்டியின் வர்ணனை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. புலவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி நான்கு. ஒரு வரியை எடுக்கலாம் என்று பார்த்தால், எதை எடுப்பது என்று தெரியவில்லை. பட்டியல்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வர்ணனையாக இருந்துவிட்டால், வரிசை மாறினாலும் யாருக்குத் தெரியப்போகிறது? வாழ்க்கையில் முதல் முறையாக உவமை இல்லாமல் எழுதினார். 'இது நல்ல பொருள். எதற்கும் பயன்படும். வீட்டில் அனைவருக்கும் ஏற்றது. வாங்கியவர் வருந்தியதில்லை.' எண்ணிப் பார்த்தார், நான்கு வரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக ஒட்டினார்.

ஒட்டி முடித்த பிறகுதான், பழைய வர்ணனைகளின் மேலேயே ஒட்டி அவற்றை அழித்துவிட்டது புரிந்தது. சீப்பு போயிற்று, காடு போயிற்று. ஆறு மாதம் ராப்பகலாக யோசித்த அத்தனையும் போயிற்று. புலவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. பக்கத்தில் யாரும் இல்லாததால் கலங்கவிட்டார்.

"தம்பி, லைன்ல ஒரு பெரியவர்" என்றாள் அக்கா.

"உங்க 'மேகம்' வாங்கினேன்பா" என்றார் பெரியவர். "கக்கூஸ்ல உக்கார்ற எடத்துல போட்டேன். மெத்துன்னுதான் இருக்கு, இல்லேங்கல. ஆனா வழுக்குது. ரெண்டு தடவ விழுந்துட்டேன்."

"ஐயா, அது கழுத்துக்கு வைக்கிற தலையணை. பிரயாணத்துல தூங்கறதுக்கு."

"இனிமே அத எப்படிப்பா கழுத்துல வைக்கிறது?" என்றார் பெரியவர்.

'எதற்கும் பயன்படும்' என்று எழுதிய கையைப் புலவர் வெறுப்போடு பார்த்துக்கொண்டார். அதற்குள் கைபேசி துடித்தது. மனைவி.

"என்னங்க, கையெழுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"எதையும் தொடலயே?"

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மேலாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் நிரந்தர நியமனத் தாள் இருந்தது. அதன்மேல் நான்கு புகார்ச் சீட்டுகள் இருந்தன.

"உக்காருங்க புலவரே. ஒருத்தர் புத்தகத்த வேக வச்சிருக்கார். ஒருத்தங்க மூஞ்சி உரிஞ்சு கெடக்கு. நாலு பேரும் உங்க வர்ணனையப் படிச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. என்ன எழுதித் தொலைச்சீங்க?"

மறைத்தால் வேலை போகும். சொன்னாலும் போகும். ஆனால் மறைத்தால் எழுத்துமேல் பழி விழும். வேலையைவிட அதுதான் புலவருக்குத் தாங்காது.

"மேடம், எழுத்துல ஒரு தப்பும் இல்ல" என்று ஆரம்பித்து, சொறிவான், தேநீர், பிஸ்கட், வெற்று வரி, ஒரே வர்ணனை வரை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். "வரிசை மாறிப்போச்சு மேடம். அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்க வர்ணனை இருந்திருந்தா ஒருத்தருக்கும் இப்படி ஆகியிருக்காது."

மேலாளரின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். உங்களுக்கு எழுதவே வரலயோன்னு நெனச்சிட்டேன்."

"ஐயய்யோ மேடம்."

"வரிசை மாறுறது யாருக்கும் ஆகறதுதான். போன வருஷம் நானே மாத்தியிருக்கேன். நேத்து சாயங்காலம் எடுத்த பிரதி இருக்கு, பழசு எல்லாத்தையும் அப்படியே திருப்பி ஏத்திடலாம்." அவர் கணினியில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஏறிடுச்சு. நானூத்திப் பன்னெண்டும் வந்தாச்சு."

காடு வழிவிட்டது. புலவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மேலாளர் புகார்ச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு நியமனத் தாளை இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டார்.

அப்போது பார்சல் அக்கா, அன்றைய ஆர்டர் நோட்டில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தாள். மேலாளர் நிமிராமலே, "புகார் என்னன்னு கண்டுபிடிச்சாச்சுக்கா. காலையிலேருந்து வரிசை மாறிக் கெடந்திருக்கு" என்றார்.

அக்கா பல்லில் இருந்த நாடாவை எடுத்தாள்.

"காலையிலேருந்து வந்த ஆர்டர் எல்லாம் இன்னும் என் மேசையிலதானே மேடம் கெடக்கு? போன் பண்ணவங்க கையில இருக்கறது போன வாரம் போன பார்சல், அப்போ வரிசை ஒழுங்காத்தான இருந்துச்சு."