கேஷிகாவின் கணக்கில் என் பெயர்

இறம்பொடை

மரியாதைக்குரிய விஜேந்திரன் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜீவராணியின் வீட்டுக்காரன் சிவசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. முருகன் தயவில் நாங்கள் மூன்று பேரும் சுகம். மழையும் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது. கொழும்பில் உங்கள் புடவைக் கடை வேலை எப்படி, அக்காவின் முழங்கால் வலி எப்படி என்று அறிய ஆவல். இதை வாசித்ததும் மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். விஷயம் உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும். முக்கியமாக உங்கள் மருமகள், என் மகள் கேஷிகாவின் காதுக்குப் போகவே கூடாது.

முறைப்பாடு அவள் மேல்தான். சின்ன வகுப்பில் படிக்கும்போது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நுவரெலியாவில் வங்கிக் கணக்குத் திறந்தவன் நான். இத்தனை வருஷமும் அதில் கையெழுத்து என்னுடையது, புத்தகம் என் பெட்டியில். போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. வீட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தோம். பிள்ளை தனியாக பஸ் ஏறிப் போய், கணக்கைத் தன் கையெழுத்துக்கு மாற்றி, ஒரு கார்டும் வாங்கிக்கொண்டு கேசரி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். இப்போது பணம் வந்தால் அவள் போனில் 'டிங்' என்று சத்தம் கேட்கும். எனக்குக் கிடைப்பது அந்தச் சத்தம் மட்டும்தான்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். பேனர் போடுகிறாள். பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எது நடந்தாலும் வாசலில் கட்டும் பேனரை அந்தக் கண்ணாடி உடைந்த போனிலேயே வரைந்து, டவுண் அச்சுக் கடைக்கு அனுப்பிவிடுகிறாள். இந்த வருஷம் காளியம்மன் திருவிழாப் பேனரில் அவள் போட்ட சிங்கத்தைப் பார்த்துக் கீழ் லயத்து வீட்டுக் குழந்தை ஒன்று பயந்து அழுதது. அந்த அழுகையை நான் இரண்டு கிழமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, முன்பணம் கணக்கில் விழாமல் வேலையைத் தொடமாட்டாள். கோயில் தலைவர் பெரியதம்பி, "அம்மனுக்கேவா முன்பணம் கேக்குற, பாப்பா?" என்றார். "அம்மனுக்கு இல்லீங்க மாமா, டேட்டாவுக்கு" என்றாள். மனிதர் உடனே கட்டிவிட்டார்.

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. சம்பள நாளில் அம்மா சம்பளம், அண்ணன் சம்பளம், அக்கா சம்பளம் எல்லாம் அப்பாவின் சட்டைப் பையில்தான் வீட்டுக்கு வரும். சம்பளம் கொடுக்கிற கிளாக்கர் ஐயா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆள் முகம் தெரியும், அவ்வளவு போதும். அந்த நினைப்பில் நானும் போன செவ்வாய்க்கிழமை வேட்டி கட்டி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மிஸ் இருந்தார்.

"கேஷிகாவோட அப்பா வந்திருக்கேங்க. வீட்டுச் சம்பளமெல்லாம் நாந்தான் பாத்துக்கிறது."

"பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, ஐயா. இனி அவங்கதான் வரணும்."

"அவங்களா? மிஸ், இன்னிக்குக் காலையிலகூட அவ செருப்பத் தேடிக் குடுத்தவன் நான்."

மிஸ் சிரிக்கவில்லை. நான் சான்றிதழை நீட்டி, அப்பா பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"பெயர் இருக்குதான், ஐயா. ஆனா அது பிள்ளைக்கு. கணக்குக்கு இல்ல."

"சரிங்க, எடுக்க வேணாம். மீதி எவ்வளவு இருக்குன்னாவது சொல்லுங்க."

"அதையும் சொல்ல ஏலாதுங்க."

பின்னால் வரிசையில் நின்ற செல்லசாமி என்கிற மரக்கறி வியாபாரி, "யாருங்க அந்தப் புள்ள, அப்பாவையே வெளியில நிறுத்திருச்சு?" என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? என் போனை எடுத்துச் சிங்கத்தைக் காட்டினேன். பிறகு கல்யாணப் பேனர், பிறகு முன்பணக் கதை. வரிசையே கலைந்து என்னைச் சுற்றிவிட்டது. செல்லசாமி மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, வாசல் காவல்காரர் பேரனின் பிறந்த நாளுக்கு ஒன்று, கடைசியில் அந்த மிஸ்ஸின் தங்கை கல்யாணத்துக்கு ஒன்று. மீதி தெரியாமல் மூன்று பேனர் ஓடரோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அவள் ஓடரை எழுதிக்கொண்டாள். சந்தோஷம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தைரியம் வந்து, "அப்பா மேல அவ்வளவு நம்பிக்கை இல்லையா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"ஒங்க கையை நம்புறேன்ப்பா. வாயைத்தான் நம்ப முடியல" என்றாள். உங்கள் தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

போன வருஷம் புத்தகம் என்னிடம் இருந்தபோது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அதைத் திறந்து நாலு பேருக்கு வாசித்துக் காட்டியது உண்மை. மறுநாளே ஒருவர் கூரைத் தகரத்துக்குக் கடன் கேட்டு வந்தார், ஒருவர் மாப்பிள்ளை விவரத்தோடு வந்தார், பெரியதம்பி கும்பாபிஷேகத்துக்கு ரசீதே எழுதிக் கொண்டுவந்தார். பாவம், பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதை விட்டு எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மச்சான், கொழுந்து லொறி ஓட்டுகிறவன் நான், தோட்டத்தின் நாலு டிவிசனுக்கும் போக வேண்டியிருக்கிறது. போகிற இடத்தில் எல்லாம் "மக எப்படி?" என்று கேட்கிறார்கள். எத்தனை நாளைக்கு "சுகம்" என்று மட்டும் சொல்வது?

அவள் லெப்டொப் வாங்கச் சேர்க்கிறாள். அதில் ஒரு சதம் எனக்கு வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பதினெட்டு வயதில் யாருக்கும் சொந்தக் கையெழுத்தில் ஒரு கணக்கு இருந்ததில்லை. அதில் ஓர் ஓரத்தில் என் பெயரும் இருந்தால் போதும். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். எப்படியாவது பேசி என் பெயரைச் சேர்க்கச் செய்யுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தைப்பொங்கலுக்கு வரும்போது கம்பளி கொண்டுவாருங்கள், குளிர் இன்னும் குறையவில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள,
சிவசாமி

பி.கு: போன முறை என் கையெழுத்து விளங்கவில்லை என்று குறைபட்டீர்கள். அதனால் டைப் செய்ய வேண்டியதாயிற்று. இந்தத் தோட்டத்தில் தமிழ் டைப் செய்ய ஒருத்திதான் இருக்கிறாள். முழுக்க வாசித்துவிட்டு, "ரெண்டு எடத்துல கூட்டிச் சொல்லியிருக்கீங்க, அப்படியே விடவா?" என்று கேட்டாள். விடச் சொன்னேன். பிறகு முன்பணம் கேட்டாள். "அப்பாவுக்குமா?" என்றேன். "ஒங்களுக்கு முன்பணம் இல்லாம விட்டா ஊருக்கே சொல்லிருவீங்க" என்றாள். டவுணுக்குப் போய் அதே மிஸ்ஸிடம் கட்டினேன். கட்டுவதற்கு யாரும் வரலாமாம், பதினெட்டும் கேட்பதில்லை, சான்றிதழும் கேட்பதில்லை. திரும்பி வந்ததும் போனைக் காட்டினாள். வரவில் 'சிவசாமி' என்று இருந்தது. மீதி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டினாள். ஆகவே மச்சான், நீங்கள் அவளிடம் ஒன்றும் பேச வேண்டாம். கணக்கில் என் பெயர் ஏறிவிட்டது. இதை மட்டும் பெரட்டுக்களத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று, இந்த வரியை டைப் செய்துகொண்டே அவள் அனுமதி தந்திருக்கிறாள்.