கிளிகளுக்கு மானம் உண்டு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் கிளிகளுக்கு மானமும் ரோஷமும் உண்டு என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஏலேக்காரர்தான். மற்றவர்கள் வலை கட்டினார்கள், மினுமினுப்பு நாடா கட்டினார்கள், வெடி போட்டார்கள். ஏலேக்காரர் ஒருவர்தான் கிளியிடம் நியாயம் கேட்டார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. மாட்டைக் கூப்பிட்டாலும் மழையைக் கூப்பிட்டாலும் ‘ஏலே’ என்றுதான் தொடங்குவார். ஒருநாள் பம்புசெட் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனது. அதன் முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, “ஏலே...” என்று ஒரு இழுவை இழுத்தார். மோட்டார் ஓடியது. நானே பார்த்தேன். மோட்டாருக்கே ரோஷம் வரும்போது கிளிக்கு வராதா என்பது அவர் கட்சி.

நாங்கள் சுருளிப்பட்டி சாலையில் இந்த வீட்டுக்கு வந்ததே அமைதியைத் தேடித்தான். மதுரையில் பேருந்துகள் திரும்புகிற முனையில் குடியிருந்தோம். என் மனைவி மல்லிகாவுக்குக் கம்பத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக மாற்றல் வந்தது. அதைச் சாக்காக வைத்து நான் காப்பீட்டு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முழுநேர எழுத்தாளன் ஆனேன். முழுநேர எழுத்தாளன் என்றால், டீச்சர் சம்பளத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரத்துக் கட்டுரையைப் பற்றி யோசிப்பவன். வீட்டைக் காட்டிய தரகர், “இங்கன எலை விழுந்தாக்கூடச் சத்தம் கேக்கும் சார்” என்றார். உண்மை. இலை விழுகிற சத்தம் கேட்கிற இடத்தில் குழாய் ஸ்பீக்கர் எவ்வளவு கேட்கும் என்று நானும் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குடிவந்த அன்று மல்லிகா பள்ளிக்கூடம் போய்விட்டாள். மதியம் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இடி மாதிரி ஒரு குரல்.

“ஏலே! தின்னது பத்தாதா? அடுத்த ஆளு ஒழைச்சதை உக்காந்து திங்கிறியே, தொண்டைக்குள்ள எறங்குதா? மானம் ரோசம் இருந்தா எந்திரி! எந்திரிச்சுப் போ!”

நான் எழுந்துவிட்டேன்.

சுவரருகே போய் எட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெங்காய வண்டியில் கட்டியிருப்பார்களே, ஒருமுறை பேசிவைத்தால் நாள் முழுக்க அதையே திருப்பிச் சொல்லும் குழாய், அதில் ஒன்று திராட்சைப் பந்தலின் கல்தூணில் கட்டியிருந்தது. கிளிகள் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் கூடி ஆலோசித்துவிட்டுத்தான் பந்தலில் இறங்கும். ஆகவே குழாயின் வாய் எங்கள் சாப்பாட்டு அறையைப் பார்த்தே இருந்தது. போதாததற்கு மலையடிவாரத்து லோயர் கேம்ப் பக்கமிருந்து வீசுகிற காற்று, ஒரு எழுத்துச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது.

விருந்தாளிகள் குறைந்தார்கள். என் மைத்துனர், எந்த வீட்டிலும் மூன்றாம் முறை சாம்பார் கேட்கக் கூச்சப்படாதவர், இரண்டாம் முறையிலேயே இலையை மூடிவிட்டு, “யாரு மாப்ளே அது, என்னையவா?” என்றார். கிளி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. போனவர் போனவர்தான். இதை முழு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு எழுத்து ஓடவில்லை. பேனாவை எடுத்தால், ‘அடுத்த ஆளு ஒழைச்சதை’ என்று குழாய் ஆரம்பிக்கும். எப்படியும் பேசிவிடுவது என்று ஒரு நாள் போனேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திராட்சைத் தோட்டத்துக்குள் வந்தவனை வெறும் வாயோடு பேசவிட மாட்டார்கள்.

“அண்ணே, ஒரு விஷயம்...” என்றேன்.

“விசயம் எங்கன போயிரும்? மொதல்ல இதை வாயில போடுங்க தம்பி.”

ஒரு கொத்தை அறுத்துக் கையில் வைத்தார். பன்னீர் திராட்சை. வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு புகார் சொல்வது மனிதனால் ஆகாது. தலைக்கு மேலே குழாய், ‘தின்னது பத்தாதா?’ என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏலேக்காரர் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கொத்தை அறுத்தார். ஒரு பை நிறையப் பழத்தோடு வீடு திரும்பினேன்.

“சொல்லிட்டீங்களா?” என்றாள் மல்லிகா.

“இனிப்பு நல்லா ஏறியிருக்கு” என்றேன்.

அடுத்த தடவை வசனத்தைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். படித்தவன் செய்கிற தவறைச் செய்தேன். ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்று நாலு வயசுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாம். அது முரட்டுத்தனமாகப் பட்டது. ஆகவே சுற்றி வளைத்து, “அண்ணே, வார்த்தைகள் கொஞ்சம் கடுமையா இருக்கோன்னு படுது. சற்று மரியாதையா இருந்தா...” என்று இழுத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “நெசந்தான் தம்பி. வாயில்லாச் சீவனை ஏலே போலேன்னு வைஞ்சிக்கிட்டிருக்கேன். நீங்க எழுதுற ஆளு, சரியாச் சொன்னீக.”

மறுநாள் குழாய் இப்படிப் பேசியது: “வாங்கய்யா, வாங்க. சாப்டீகளா? நல்லாச் சாப்டீகளா? வயிறு ரொம்புச்சுல்ல? பெரிய மனுசக நீங்க. நான் சொல்லித்தான் தெரியணுமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எந்திரிக்கிறீகளா?”

வைதாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ‘கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க’ என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. முன்னைவிட இரண்டு மடங்கு நீளம் வேறு. கிளிகளும் வெளியூரிலிருந்து சொந்தபந்தங்களை அழைத்து வந்தன. வரவேற்பு பிடித்துப்போயிருக்கும்.

“நீங்க பேசினது போதும். நான் போறேன்” என்று மல்லிகா கிளம்பினாள். பின்பெஞ்சில் எவன் கொட்டாவி விட்டாலும் கரும்பலகையைப் பார்த்தபடியே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். அவள் குரலுக்கு முன்னால் ஏலேக்காரர் எம்மாத்திரம்? நான் நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன்.

நெடுநேரம் கழித்து வந்தாள். கையில் பெரிய பை. முகத்தில் ஒரு தினுசான பெருமை.

“என்ன சொன்னார்?”

“கிளிக்கு ஒரே குரல் பழகிப்போச்சாம். அதான் பயப்படலையாம். ‘டீச்சரம்மா கொரலு கம்பீரமா இருக்கே, ரெண்டு வார்த்தை பேசிக் குடுங்க’ன்னாரு. பெரிய மனுஷர் கேட்கிறப்போ எப்படிங்க மாட்டேங்கிறது?”

அதுமுதல் என் மனைவி பள்ளிக்கூடத்திலும் இருந்தாள், வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் இருந்தாள். “யாரது அங்க? கையைக் கீழ போடு! பேசாத! வெளிய போ!” ஒரு நாள் பதினொரு மணிக்கு, அடுக்களை மேல்தட்டில் அவள் ஒளித்து வைத்திருந்த மிக்சர் டப்பாவை எட்டி எடுத்தேன். “கையைக் கீழ போடு!” டப்பா கையிலிருந்து விழுந்தது. மாலையில் வந்தவள், “மிக்சரை யார் கொட்டினது?” என்று கேட்டபோது, “அதான் நீயே பார்த்தியே” என்று சொல்லிவிட்டேன்.

கிளிகள் மட்டும் ஒரு வாரம் நடுங்கிவிட்டு, பிறகு மாணவர்கள் மாதிரியே பழகிக்கொண்டன. ஏலேக்காரர் பழைய ‘ஏலே’க்குத் திரும்பினார்.

இப்படியே போயிருந்தால் இதை வெறும் சத்தப் பிரச்சினை என்று எழுதி முடித்திருப்பேன். அதற்குள் எங்கள் மகள் யாழினியின் வேலைக்கான நேர்காணல் வந்தது.

பொறியியல் முடித்துவிட்டு மதுரையில் தோழிகளோடு தங்கி ஒரு வருடத்துக்கு மேல் வேலை தேடியவள், அண்மையில்தான் எங்களோடு வந்து சேர்ந்திருந்தாள்; மதியச் சாப்பாட்டுக்கு எனக்குத் துணை. எத்தனையோ இடங்களில் கதவு சாத்தப்பட்ட பிறகு, பெங்களூரு நிறுவனம் ஒன்று கடைசிச் சுற்று வரை கூப்பிட்டிருந்தது. வீடியோவில் பேச வேண்டும். கேள்வி கேட்பவர் வெளிநாட்டில் இருந்ததால் காலை எட்டு மணி. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்னறை ஜன்னலில் மட்டும்தான். அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான். மற்றப் பக்கமெல்லாம் மலை மறைத்துவிடும். ஜன்னலுக்கு நேரே பந்தல், தூண், குழாய்.

“அப்பா, என்னைப் பத்தி நான் சொல்லிக்கிட்டிருக்கப்ப ‘மானம் ரோசம் இருக்கா’ன்னு கேட்டுச்சுன்னா என்னப்பா பண்றது?” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

முதல்நாள் மாலை மறுபடி போனேன். பந்தல் முழுக்கக் கறுப்பாகப் பழுத்துத் தொங்கியது. இரண்டு நாளில் வெட்டு, வியாபாரி வருகிறார் என்று அவரே சொன்னார். காலை எட்டு மணிதான் கிளிகள் பசியோடு வருகிற நேரம் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் குழாயை நிறுத்தச் சொல்வது, பயிரைத் தட்டில் வைத்து அவற்றின் முன்னால் நீட்டச் சொல்வதற்குச் சமம். நான் காற்றைப் பற்றிப் பேசினேன். வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். கொடுத்த கொத்தை முழுதாகத் தின்றேன்.

“என்ன தம்பி, இன்னிக்கு மொகமே சரியில்ல?”

சொன்னேன்.

அவர் பந்தலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பாவுக்குப் பரிச்சையா? அதைச் சொல்ல இம்புட்டு நேரமா? தண்ணியப் பேசுறீக, காத்தப் பேசுறீக!” என்றவர் உள்ளே திரும்பிக் கத்தினார்: “ஏலே ஏய்! அந்தக் கத்தியக் கொண்டா!”

அவர் மனைவி கத்தியோடு வந்தார். ஏலேக்காரர் கயிற்றை அறுத்துக் குழாயை இறக்கி, ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார்.

“என்னண்ணே, கல்லு எதுக்கு?”

“பேசிப் பழகுன பொருளு தம்பி. நம்பக் கூடாது.”

மறுநாள் காலை யாழினி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நானும் மல்லிகாவும் கதவிடுக்கில் நின்றோம். நேர்காணல் தொடங்கியது. வெளியே அப்படி ஓர் அமைதி. வேப்பமரத்துக் கிளிகளே குழம்பிப்போய்ச் சற்று நேரம் இறங்காமல் இருந்தன. பிறகு இறங்கின.

அப்போதுதான் ஜன்னல் வழியே ஏலேக்காரரைப் பார்த்தேன். ஒரு நீளக் கம்பின் நுனியில் மல்லிகாவின் பழைய சிவப்புச் சேலை. என்னைக் கேட்காமல் அவளிடமிருந்து வாங்கிப் போயிருக்கிறார். பந்தலுக்கடியில் குனிந்தபடி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினார். இடைவெளி கண்ட இடத்தில் கம்பை மேலே குத்தி ஆட்டினார். அந்தப் பக்கம் அவர் மனைவி முறத்தை விசிறிக்கொண்டு ஓடிவந்தார். இருவரும் நடுவில் முட்டிக்கொள்ளாமல் விலகினார்கள். ஒரு சத்தம் இல்லை. ஏனென்றால் ஏலேக்காரர் ஒரு துண்டால் தன் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். பழக்கதோஷத்தில் ‘ஏலே’ வந்துவிடும் என்று அவருக்கு அவர்மேலேயே நம்பிக்கை இல்லை. கிளிகளைப் பார்த்துக் கண்ணாலேயே நியாயம் கேட்டார். ஓரிடத்தில் நின்று ஒரு கிளியைக் கையெடுத்துக் கும்பிட்டதைக்கூடப் பார்த்தேன்.

திரைக்குள் இருந்த மனிதர் பேச்சை நிறுத்தினார். உங்கள் பின்னால் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மல்லிகா என் கையைப் பிடித்தாள். கணக்கு டீச்சர் பிடி, ரத்த ஓட்டம் நின்றது.

யாழினி திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: அவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, நாளைக்கு வெட்ட வேண்டிய திராட்சை, நான் பேசுவதற்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு கிளி விரட்டுகிறார்.

அந்த மனிதர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பு கதவு வரை கேட்டது. அதற்குப் பிறகு யாழினியின் குரலில் இருந்த நடுக்கம் காணாமல் போயிருந்தது.

வேலை கிடைத்தது. ஏலேக்காரரால்தான் கிடைத்தது என்று எழுதினால் மகள் என்னோடு பேச மாட்டாள். நாலு வருடம் படித்தவள் அவள்.

அன்று நேர்காணல் முடிந்ததும் சுவரருகே ஓடிக் கையாட்டினேன். அவர் துண்டை அவிழ்த்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு “ஏலேஏஏஏய்!” வந்தது. வேப்பமரம் காலியாகிவிட்டது.

பந்தலின் கிழக்கு மூலையில் வெறும் காம்புகள்தான் மிஞ்சியிருந்தன. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கெடக்கு விடுங்க. அதுகளும் ஒரு நாளாச்சும் வசவு வாங்காமத் திங்கட்டும்” என்றார். சுவருக்கு மேலாக யாழினியிடம் ஒரு கொத்தை நீட்டினார். “ஆத்தா, பெங்களூருல இதெல்லாம் வெலை கூடவாம்ல? இங்கனயே தின்னுட்டுப் போ.”

யாழினி போய்விட்டாள். வெட்டு முடிந்தது. கொடிகளைக் கவாத்து செய்து மொட்டையாக்கிவிட்டார்கள். பழமில்லை, கிளியில்லை, குழாயுமில்லை. நான் தேடிவந்த அமைதி கடைசியில் கிடைத்தேவிட்டது. இலை விழுந்தால் கேட்கிறது. மதியம் தனியாக உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். தட்டில் பாதி அப்படியே இருக்கும். மல்லிகா இதைச் சுவருக்கு மேலாக யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் அப்படித்தான் எழுந்து தட்டை எடுத்தேன். மொட்டைப் பந்தலிலிருந்து குழாய் பேசியது. கொடியில் ஒரு பிஞ்சுகூட இல்லாத காலம்.

“ஏலே தம்பி! அதுக்குள்ள எந்திரிச்சிட்டீகளா? ஒக்காருங்க. பிள்ள நல்லாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு வாய் போட்டுக்கங்க. ரசம் இருக்கா? ஊத்துங்க.”

சற்று இடைவெளி விட்டு மறுபடியும் அதையே சொன்னது. காது கிழிகிறது. இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் அதிகம் என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்லத்தான் வேண்டும். இந்த ரசம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.