எங்களுக்கு இது பொருந்தாது

நம்மிடையே விதிவிலக்கர் என்றோர் இனம் உண்டு. இவரை விதியை மீறுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மீறுகிறவனுக்காவது உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருக்கும். விதிவிலக்கருக்கு அதுவும் கிடையாது. சட்டம் நல்ல சட்டம்தான், ஊருக்கு அவசியம்தான், தனக்கு மட்டும் பொருந்தாது என்று மனதார நம்புகிறவர் அவர். வெள்ளிக்கிழமை சைவம், ஆனால் கேக்கில் கலந்த முட்டை முட்டையாகாது. சர்க்கரை வியாதி, ஆனால் பிரசாதம் இனிப்பில் சேராது. கோயில் வரிசையில் உங்களுக்கு முன்னால் போய் நிற்பார். கேட்டால், வரிசையில் நிற்கவில்லை, சும்மா விசாரிக்க வந்தேன் என்பார். இப்படிப்பட்டவருக்கு ஒரு மேசையும் போட்டு, சட்ட ஆலோசகர் என்று பட்டமும் கொடுத்தால் என்ன ஆகும்? மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் கமலநாதன் ஆகும்.

அவரை வேலைக்கு வைத்த சுகுமாறன் கெட்டவர் அல்லர், அவசரக்காரர், அவ்வளவுதான். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கம்பெனி. தாதியர் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, ஆளுக்கு மதிப்பெண் போட்டு, யாரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று சொல்கிற ஏஐ மென்பொருள் ஒன்றை அங்கே உருவாக்கியிருந்தார்கள். மலேசியாவிலிருந்து தாதியரை எடுக்கும் ஐரோப்பிய முதியோர் இல்ல நிறுவனம் ஒன்று அதை வாங்க முன்வந்தது.

வந்தது வினை. ஒருவருக்கு வேலை கிடைப்பதில் கைவைக்கும் ஏஐ அதிக ஆபத்துள்ளது என்கிறது ஐரோப்பியச் சட்டம். சோதனை, ஆவணம், கண்காணிப்பு என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஆனால் ஒரு சின்னக் கதவும் இருந்தது: மென்பொருள் வெறும் முன்வேலை மட்டும் செய்து, முடிவை மனிதரே எடுப்பதாக இருந்தால் விலக்கு உண்டு. அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் இருந்தது: ஆளையே எடைபோட்டு, இவர் இப்படிப்பட்டவர் என்று கணிக்கிற மென்பொருளுக்குக் கதவு திறக்காது. கமலநாதன் கதவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்க்கும்போது கழற்றிவிட்டார், கண்ணாடியைத்தான்.

பிறகு, விலக்கு தங்களுக்குப் பொருந்தும் என்று அறிக்கை எழுத உட்கார்ந்தார். அறிக்கையில் மதிப்பெண் 'வரிசை எண்' ஆயிற்று. நிராகரிப்பு 'பிற்பாடு பார்க்கப்படும்' என்றாயிற்று. எடைபோடுதல் அடுக்கிவைத்தல் ஆயிற்று. படித்து முடித்தால், பாவம் அந்த மென்பொருள், தபால்காரரைவிட அப்பாவி. இதில் ஒரு சிக்கல். அதே கம்பெனியின் விளம்பரத் தாளில், பத்துப் பேர் உட்கார்ந்து யோசிக்கிற வேலை முழுவதையும் எங்கள் இயந்திரமே செய்யும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சுகுமாறனுக்கே உறுத்தியது, கேட்டார்.

"அது விக்கிறதுக்கு பாஸ், இது சட்டத்துக்கு. ரெண்டையும் ஒரே ஆளு படிக்க மாட்டாங்க லா" என்றார் கமலநாதன். சுகுமாறன் கையெழுத்துப் போட்டார்.

முடிவெடுக்க மனிதர் வேண்டுமே? கமலநாதன் ஏற்பாட்டில் கிள்ளானிலிருந்து ரமணி வந்து சேர்ந்தார். முன்பு ஒரு மருத்துவமனையில் குமாஸ்தாவாக இருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இந்த வேலையை நம்பி இருந்தவர். திரையில் மென்பொருள் சொல்வதைப் பார்த்துச் 'சரி' என்ற பொத்தானை அமுக்குவதுதான் வேலை. படிக்கக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனால் அவர் படித்தார்.

ஒத்திகைக்காக உண்மையான விண்ணப்பங்களையே ஓடவிட்டிருந்தார்கள். அப்படிப் படிக்கும்போதுதான் அடிமட்டத்தில் கிடந்த ஷாமினியை ரமணி கண்டார். செந்தூல் பெண். பல வருடம் வார்டில் வேலை பார்த்தவள். பக்கவாதம் வந்த அப்பாவைக் கவனிக்க வேலையை விட்டாள். அப்பா போய்ச் சேர்ந்தபின் மறுபடியும் வேலை தேடுகிறாள். இதையெல்லாம் அவளே எழுதியிருந்தாள். மென்பொருளுக்குத் தெரிந்ததோ இடைவெளி மட்டும். 'நிலையாக இருக்க மாட்டார்' என்று முத்திரை குத்திவிட்டது. ரமணி அவளை மேலே ஏற்றினார்.

மறுநாளே கமலநாதன் கூப்பிட்டார்.

"ஏம்மா மாத்தினீங்க?"

"படுத்த படுக்கையா கிடந்த அப்பாவ பாத்துருக்காங்க சார். அங்க போயி செய்யப்போறதும் அதே வேலதானே."

"சரிதான். ஆனா நீங்க மாத்த ஆரம்பிச்சா மெஷின் தப்புன்னு ஆயிடும். பழையபடி போட்டுருங்க."

"அப்ப முடிவு எடுக்கிறது யாரு சார்?"

"நீங்கதாம்மா. அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கோம்" என்றார் கமலநாதன். கேலியாகச் சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. முழு மனதோடு சொன்னார். ரமணி பழையபடி போட்டார். வேலை வேண்டுமே.

சில வாரங்கள் கழித்து, வாங்குகிற நிறுவனத்தின் வழக்கறிஞர் அம்மையார் காணொளியில் வந்தார். கமலநாதன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிவெடுக்கிறவரோடு பேச வேண்டும் என்றார். ரமணியை அழைத்து வந்தார்கள். என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்று சொன்னால் போதும் என்று கமலநாதன் முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தார். ஆனால் அம்மையார் கேட்டது 'ஆமாம்' போதாத கேள்வி: மென்பொருள் சொன்னதை நீங்கள் எப்போதாவது மாற்றியதுண்டா, மாற்றியபோது என்ன நடந்தது?

ரமணி கமலநாதனைப் பார்த்தார். கமலநாதன் போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை மாற்றினேன், பழையபடி போடச் சொல்லிவிட்டார்கள் என்று ரமணி உள்ளதைச் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டவர் அம்மையார் அல்லர். பக்கத்தில் இருந்த சுகுமாறன்.

"கமலநாதன் சார்தான்."

அந்த நேரத்தில் கமலநாதனின் மனதில் வெட்கம் எட்டிப்பார்த்ததா? அதெல்லாம் இல்லை. வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு இப்படியா நன்றி காட்டுவது என்ற ஆற்றாமைதான்.

விலக்கு கிடையாது என்று அம்மையார் தீர்த்துச் சொல்லிவிட்டார். சட்டம் கேட்கிற சோதனைகள் அத்தனையும் நடந்தபிறகு வாங்கிக்கொள்கிறோம். அதுவரை அடிமட்டத்தில் கிடக்கிற விண்ணப்பங்களை மனிதர்கள் படிக்கட்டும் என்றார். ரமணி படித்தார், அவருக்குத் துணையாக இன்னோர் ஆளும் வந்தார். ஷாமினிக்கு நேர்காணல் அழைப்பு போயிற்று. வேலையும் கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் சுகுமாறன் கதவைச் சாத்திவிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்று கமலநாதனிடம் கேட்டார்.

"நான் ஆலோசனதான் பாஸ் சொன்னேன். கையெழுத்து போட்டது நீங்க. முடிவு உங்களோடது."

சுகுமாறனுக்குக் கோபம் வரவில்லை, இந்த மனிதரை நம்பிக் கையெழுத்துப் போட்ட தன் கையைத்தான் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். கமலநாதன் அதையும் பதவி நீக்கம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு கம்பெனிக்கு, சட்டம் ஏன் அவர்களுக்குப் பொருந்தாது என்று விளக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், அப்படிப்பட்ட ஆள்தான். நீங்கள் அந்த ரகமே இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு வர அஞ்சு நிமிடம்தானே என்று, இன்னொருவர் காருக்குக் குறுக்கே உங்கள் காரை நிறுத்தி, நான்கு விளக்கையும் மின்ன விட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள்; கடையில் கூட்டமாக இருக்கிறதே என்று இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள். வெளியே யாரோ விடாமல் ஹார்ன் அடிக்கிறார்கள். அது உங்களுக்கு இல்லைதானே?