சொதிக்குப் பெயர் வந்த கதை

பேராசிரியர் வருகிறார் என்று கேட்டதிலிருந்து சிவசைலம் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஆழ்வார்குறிச்சியில் எந்தச் சொல்லுக்கும் பிறந்த கதை சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தமிழய்யா சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் மறுவீட்டுப் பந்தியில், புளியில்லாத தேங்காய்ப்பால் குழம்பான சொதி இலையில் விழுந்ததும் அளந்துவிட்டார். சோதி என்று ஒரு புது மருமகள், குழம்புக்குப் புளி ஊற்ற மறந்துபோனாள், அவள் பெயரே குழம்புக்கு வந்துவிட்டது என்று. பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி கோமு மட்டும் சிரிக்கவில்லை.

எதிர் இலைக்காரர் மாப்பிள்ளையின் பெரியப்பா, பாளையங்கோட்டையில் தமிழ்ப் பேராசிரியர் என்பது கை கழுவும்போதுதான் தெரிந்தது. இன்று அவர் டேப் ரெக்கார்டரோடு வருகிறாராம்.

"கோமு, ஆதாரம் கேப்பாரு. தமிழய்யாங்கிற பேரு இன்னையோட போச்சு. நான் ஏரலுக்குப் போயிருக்கேன்னு சொல்லிரு."

"என்னையப் பொய் சொல்லச் சொல்லுதீகளா?"

"உன் கால்ல விழுதேன்."

"வேண்டாம். அரங்கு வீட்டுக்குள்ள போங்க. தும்மித் தொலைக்காதீக."

வாசலில் செருப்புச் சத்தம். சிவசைலம் அந்த உள் அறைக்குள் ஓடி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் ஒடுங்கினார். தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சார் இல்லையாம்மா?"

"அவுக ஏரலுக்குப் போயிருக்காக."

"அடடா! சொல்லுகளுக்கு ஜனங்க கட்டிவிடுத கதைகளைச் சேக்குதேன். நெசமா பொய்யான்னு பாக்கதில்ல. சொன்னவங்க பேரும் போட்டோவும் போட்டுப் புத்தகம் வருது. சொதிக் கதைதான் மொதக் கதை."

சிவசைலம் பாதி எழுந்தார். ஏரலில் இருக்கிறவர் அரங்கு வீட்டிலிருந்து எப்படி வருவது? மறுபடியும் உட்கார்ந்தார்.

"அது நான் அவுகளுக்குச் சொன்ன கதைல்லா சார்," என்றாள் கோமு. "அவுக மாத்திச் சொல்லிட்டாக. சோதி ஒண்ணும் மறக்கல. புளி வாங்கப் போன புருஷன் சந்தையில நின்னு வாயளந்துட்டு வெறுங்கையோட வந்தான். அவதான் தேங்காப்பால ஊத்தி மானத்தக் காப்பாத்துனா."

"இதுல்லா கதை! உங்க பேரையே போட்டுருதேன். இங்கன பாருங்கம்மா."

கதவிடுக்கில் கேமரா வெளிச்சம் பளிச்சென்று வந்து போயிற்று.

"சார் எப்பம்மா வருவாரு?"

"கடைசி பஸ்ஸுக்குத்தான். நீங்க இருந்து சாப்ட்டுட்டுப் பைய போங்க. இன்னைக்குச் சொதிதான்."